கீழ்த்தாடையில் ஒரு வாக்கெடுப்பு

நாச்சிமுத்து என்றொருவர் இருந்தார். ஒரு சின்ன ஊரின் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்தப் பேருந்து எங்கே போகிறது, எந்த இடத்தில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்வார். ஐம்பத்திரண்டு வயதுவரை அவருடைய வாய்க்குள் மேல்தாடையும் கீழ்த்தாடையும் ஒரே நாடாகத்தான் இருந்தன.

முதலில் முணுமுணுத்தது கீழ்த்தாடை. அங்கே வலது கடைவாயில் அரவையார் என்ற பெரிய பல் இருந்தார். ஒரு நாள் வேர்க்கடலை மென்றுகொண்டிருந்தபோது அவர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். மெல்லும்போது மேலே போய்க் கீழே வருவது கீழ்த்தாடை மட்டும்தான். மேல்தாடை நகர்வதே இல்லை. மண்டையோட்டில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்த இடத்தில் சாப்பிடுகிறது.

"மெல்லுறது நாம, பேசுறது நாம, கொட்டாவி விடுறதும் நாம," என்றார் அரவையார். "அவங்க என்ன பண்றாங்க? சிரிக்கும்போது மட்டும் முன்னால வந்து நிக்கிறாங்க."

கீழ் வரிசை கொதித்துப்போனது. நாச்சிமுத்துவின் கல்யாணப் படத்தில் ஒரு கீழ்ப்பல்கூடத் தெரியவில்லை என்பது அப்போதுதான் எல்லோருக்கும் நினைவு வந்தது. தனியாகப் போய்விடலாமா என்று பேச்சுக் கிளம்பியது. கீழ்ப்பற்கள் எல்லோரிடமும் ஓட்டுக் கேட்டுப் பார்த்துவிடலாம் என்று முடிவாயிற்று.

மேல்தாடை பதறிப்போய்த் தூது அனுப்பியது. நாங்கள் இல்லாவிட்டால் எதன்மேல் வைத்துக் கடிப்பீர்கள் என்று கேட்டது. அரவையார் அதற்கும் பதில் வைத்திருந்தார். விடுதலை கிடைத்த முதல் நூறு நாள் கஞ்சி, கூழ், மோர், ஐஸ்கிரீம் என்று திட்டம் போட்டிருந்தார். முறுக்குக்கு என்ன வழி என்று இடது பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. ஊறவைப்போம் என்றார். கூட்டம் கைதட்டியிருக்கும், கை இல்லை.

கீழ் வரிசையின் நடுவில் இரண்டு முன்பற்கள் அடுத்தடுத்து நின்றன. ஒருவன் நேரன், மற்றவன் கோணன். நாச்சிமுத்து இரண்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒரே வாரத்தில் முளைத்தவர்கள். கரும்பைக் கடித்தாலும் பென்சிலைக் கடித்தாலும் இருவரும் சேர்ந்துதான் கடித்தார்கள். ஒருவன் நினைப்பதை மற்றவன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய அவசியமே அவர்களுக்கு வந்ததில்லை. அதனால் இந்த விஷயத்திலும் ஒருவரையொருவர் கேட்கவில்லை.

யாருக்கு ஓட்டு உண்டு என்பதில் கொஞ்சம் தகராறு வந்தது. இடது பக்கத்தில் ஒரு பல்லுக்கு டாக்டர் உறை போட்டிருந்தார். அது வெளியூர்ச் சரக்கு, அதற்கு உரிமை இல்லை என்று சிலர் சொன்னார்கள். வேர் இந்த ஊர்தான், தொப்பி மட்டும்தான் வெளியூர் என்று அந்தப் பல் அழாக்குறையாக வாதாடி அனுமதி வாங்கியது.

தேர்தல் அதிகாரி நாக்கு. ஒரு நாள் காலை பதினொரு மணிக்கு, நாச்சிமுத்து டீக்கு ஆள் அனுப்பிவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்த நேரம், அது ஒவ்வொரு பல்லாகத் தடவிக்கொண்டு போனது. தனியாகப் போக விரும்புகிறவர் கூச வேண்டும். சேர்ந்தே இருக்க விரும்புகிறவர் பேசாமல் நிற்க வேண்டும். நாச்சிமுத்துவுக்கு ஆறு முறை சுரீர் என்றது. தண்ணீர் மாறியதால் இருக்கும் என்று நினைத்துக்கொண்டார்.

தனியாகப் போக ஆறு பேர். சேர்ந்திருக்க ஏழு பேர். ஈறுக்குள் பாதி புதைந்திருந்த ஞானப்பல் மட்டும் இரண்டு தரப்பிலும் நியாயம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் உள்ளே போய்விட்டது.

அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். டீ வந்தது, குடித்தார்கள். ஆனால் ரகசியத்தைக் காக்கும் வேலையை நாக்கிடம் கொடுத்திருந்தார்கள். சாயங்காலத்துக்குள் யார் எந்தப் பக்கம் என்பது வாய் முழுக்கத் தெரிந்துபோயிற்று.

கோணன் தனியாகப் போக ஓட்டுப் போட்டிருந்தான். நேரன் சேர்ந்திருக்கப் போட்டிருந்தான்.

"நீயா?" என்றான் கோணன். "ஒரு ஓட்டுலதானடா போச்சு."

நேரன் விளக்கிச் சொல்லப் பார்த்தான். மேலே இருக்கிறவர்கள் சோம்பேறிகள்தான், ஆனாலும் கடிப்பதற்கு எதிரே ஓர் ஆள் வேண்டாமா என்று கேட்டான். கோணன் காதில் அது ஏறவில்லை. தோற்றவர்களில் ஒவ்வொருவருக்கும் அந்த ஏழாவது ஓட்டு யாருடையது என்று ஒரு கணக்கு இருந்தது. கோணனின் கணக்கில் அது பக்கத்திலேயே நின்றது.

நேரனும் ஒரு தவறு செய்தான். நூறு நாள் கஞ்சி குடிக்கிற மூஞ்சியைப் பார் என்று சொல்லிவிட்டான். வேடிக்கைக்குத்தான் சொன்னான். ஆனால் ஜெயித்தவன் அடிக்கிற வேடிக்கை தோற்றவனுக்கு வேடிக்கையாகக் கேட்பதில்லை.

மறுநாளிலிருந்து வாய் இரண்டாகப் பிளந்தது. வலது பக்கம் பெரும்பாலும் தோற்றவர்கள், இடது பக்கம் பெரும்பாலும் ஜெயித்தவர்கள். வலது பக்கம் சோறு வந்தால் அரவையார் மேலே இருப்பவரோடு ஒட்டமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். நாச்சிமுத்து எல்லாவற்றையும் இடது பக்கத்திலேயே மெல்ல ஆரம்பித்தார். ஒரு கன்னம் மட்டும் வேலை செய்தது. அவருடைய மனைவி பாவாத்தாள், யாருக்குப் பழிப்புக் காட்டுகிறீர்கள் என்று கேட்டாள்.

நடுவில் நின்ற இரண்டு பேரும் பேச்சை நிறுத்தினார்கள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் நாக்கிடம் சொல்லி அனுப்பினார்கள். நாக்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் உப்புக் கூட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தது. கோணன் ஒவ்வொரு நாளும் ஒரு மயிரிழை வலது பக்கம் நகர்ந்தான். நேரனுக்கும் ரோஷம் வந்து ஒரு மயிரிழை இடது பக்கம் நகர்ந்தான். மூன்று மாதத்தில் அவர்களுக்கு நடுவே ஒரு தீக்குச்சி போகிற அளவுக்கு இடைவெளி விழுந்துவிட்டது.

அந்த இடைவெளி வழியாகக் காற்று வர ஆரம்பித்தது. நாச்சிமுத்து 'ச' என்ற எழுத்தைச் சொல்லும்போதெல்லாம் ஒரு விசில் சத்தம் சேர்ந்து வந்தது. வீட்டில் சத்தம் குறைவாகத்தான் கேட்டது. பேருந்து நிலையத்தில் அது எட்டு ஒலிபெருக்கிகளிலும் கேட்டது.

நடத்துநர் ஒரு விசில் கொடுத்தால் ஓட்டுநர் வண்டியை நிறுத்துவார், இரண்டு விசில் கொடுத்தால் எடுப்பார். நாச்சிமுத்து ஒரு திங்கட்கிழமை காலை மைக்கைப் பிடித்து, "சேலம், சங்ககிரி" என்றார். இரண்டு விசில். சேலம் வண்டியின் ஓட்டுநர் கண்ணாடியைக்கூடப் பார்க்கவில்லை, எடுத்துவிட்டார். அவருடைய நடத்துநர் அப்போது டீக்கடையில் வடைக்குச் சட்னி கேட்டுக்கொண்டிருந்தார். வண்டி நான்கு கிலோமீட்டர் போன பிறகு, ஆட்டோவில் துரத்திப் போய், கையில் வடையோடு ஏறிக்கொண்டார்.

நேரக் காப்பாளர் கூண்டுக்கு வந்தார். அந்த நிலையத்தில் வண்டிகள் வருவதையும் போவதையும் எழுதிவைக்கிறவர் அவர்தான். கோபப்படாமல்தான் பேசினார். அந்த எழுத்தைத் தவிர்த்துவிட்டுச் சொல்ல முடியுமா என்று கேட்டார்.

நாச்சிமுத்து இரண்டு நாள் யோசித்தார். சேலத்துக்கு 'மாம்பழ ஊர்' என்றும், சங்ககிரிக்கு 'மலைக்கோட்டை ஊர்' என்றும் பெயர் வைத்தார். அடுத்த நாள் திருச்சிக்குப் போக வேண்டிய பதினேழு பேர் சங்ககிரி வண்டியில் ஏறிப் போனார்கள். திரும்பி வந்தபோது பதினேழு பேரும் கூண்டுக்கு முன்னால் கூடினார்கள். நாச்சிமுத்து மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தார். "சாமி சத்தியமா" என்று ஆரம்பித்தார். பின்னால் நின்ற நாமக்கல் வண்டி கிளம்பிப் போய்விட்டது.

நேரக் காப்பாளர் மறுபடியும் வந்தார். இந்த முறை உட்காரவில்லை. பத்து நாளைக்குள் இதைச் சரிபண்ணாவிட்டால் மைக்கை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டு நாச்சிமுத்துவைப் பணிமனைக்கு டயர் எண்ண அனுப்ப வேண்டிவரும் என்றார். இருபத்தாறு வருஷம் அந்த ஊரே தன் குரலைக் கேட்டு வண்டி பிடித்தது என்பதுதான் நாச்சிமுத்துவிடம் இருந்த ஒரே பெருமை. அன்று மத்தியானம் அவர் சோற்றைத் தொடவில்லை. பற்களுக்கு வேலை இல்லாமல் போனது. வாய்க்குள் அத்தனை அமைதியாக இருந்ததே இல்லை.

பாவாத்தாள் அவரைப் பல் டாக்டரிடம் அழைத்துப் போனாள். டாக்டர் பெயர் தமயந்தி. சாய்வு நாற்காலியில் படுக்கவைத்து, விளக்கை இழுத்துப் பிடித்து, சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்தார். அரவையாரும் அவருடைய ஆட்களும் அந்த வெளிச்சத்தில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளியப் பார்த்தார்கள்.

"ரெண்டு பல்லும் ஆளுக்கொரு பக்கம் விலகியிருக்குங்க," என்றார் டாக்டர். "எது ரொம்ப ஆடுதுன்னு பார்த்து அதை எடுத்துட்டு, அகலமா ஒரு செயற்கைப் பல் வெச்சிரலாம்."

கருவிகளை எடுக்க அவர் அந்தப் பக்கம் திரும்பினார். மூன்று மாதத்துக்குப் பிறகு, நாக்கின் உதவி இல்லாமல், நேரன் வாயைத் திறந்தான்.

"அசையாம நில்லு. நான் ஆடுறேன்."

"எதுக்கு?" என்றான் கோணன்.

"என்னை எடுத்துட்டுப் போகட்டும். கஞ்சின்னு சொன்னது நான்தானே."

டாக்டர் திரும்பி வந்து நேரனை விரலால் பிடித்துப் பார்த்தார். அவன் முடிந்த மட்டும் ஆடினான். பிறகு கோணனைப் பிடித்தார். கோணன் அதைவிட அதிகமாக ஆடினான். டாக்டர் மறுபடி நேரனிடம் வந்தார். அவன் விழுந்துவிடுவதுபோல ஆடினான். கோணன் இன்னும் ஒரு படி மேலே போய்ச் சுற்றவே ஆரம்பித்தான். மேல்தாடையில் யாரோ சிரித்தார்கள்.

"பாவமே, ரெண்டும் போச்சுங்க," என்றார் டாக்டர். "ரெண்டையும் எடுத்துரலாம்."

அதைக் கேட்டதும் இருவரும் ஒரே நொடியில் எலும்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்கள். டாக்டர் குறடை வைத்து அசைத்துப் பார்த்தார். அசையவில்லை. கையை மாற்றிப் பிடித்தார். நாச்சிமுத்துவின் தலைதான் நாற்காலியை விட்டு எழுந்தது. பத்து வருஷமாகப் பல் பார்க்கிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்று அவர் பாவாத்தாளிடம் சொன்னார். இவருக்கு எல்லாமே இப்படித்தான் டாக்டர் என்றாள் அவள்.

கடைசியில் எதையும் எடுக்கவில்லை. ஒரு மெல்லிய கம்பியால் இரண்டு பற்களையும் சேர்த்துக் கட்டி, இரண்டு மாதத்துக்கு வாராவாரம் வரச்சொல்லி அனுப்பினார். ஒவ்வொரு முறையும் கம்பியைக் கொஞ்சம் முறுக்கினார். முதல் வாரம் நேரனும் கோணனும், கட்டிப்போட்டிருப்பதால்தான் நிற்கிறோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். இரண்டாவது வாரம் பேரீச்சம்பழக் கொட்டை ஒன்றைப் பற்றிப் பேசினார்கள். மூன்றாவது வாரம் அந்த வாக்கெடுப்பைப் பற்றியே சண்டை போட ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை நேருக்கு நேராக, உப்பு இல்லாமல். இடைவெளி குறையக் குறைய விசிலும் குறைந்தது. கெடு முடிந்த பத்தாவது நாளன்றே நாச்சிமுத்து சேலம் என்று சொன்னபோது ஒரு சிட்டுக்குருவி கத்தின அளவுக்குத்தான் வந்தது. நேரக் காப்பாளர் அதைக் காதில் வாங்காததுபோல இருந்துவிட்டார்.

இரண்டு மாதம் முடிந்தது. டாக்டர் கம்பியை அறுத்து எடுத்தார். பிரிந்து போக விரும்பினால் போகலாம் என்ற நிலை வந்தது. அன்று முழுவதும் வாய்க்குள் எல்லோரும் அந்த இருவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் கம்பி போனதைக் கவனிக்கவே இல்லை. கோணன், மேல்தாடை இன்றுவரை ஒரு அங்குலம் நகர்ந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தான். நேரன், நாளைக்கு முறுக்கு வந்தால் யார் ஊறவைப்பார் என்று கேட்டுக்கொண்டிருந்தான். இன்னொரு முறை கேட்டாலும் தனியாகப் போகத்தான் போடுவேன் என்றான் ஒருவன். போடு, நானும் என் ஓட்டைத்தான் போடுவேன் என்றான் மற்றவன். சாப்பாட்டு நேரம் வந்து போனது. சண்டை நிற்கவில்லை.

அரவையாருக்குத் தலைவலியே வந்துவிட்டது.

"இவ்வளவு சண்டை போடுறீங்களே," என்றார். "ஆளுக்குக் கொஞ்சம் தள்ளி நின்னுக்கிட்டா என்ன?"

கோணன் ஆச்சரியமாக அவரைத் திரும்பிப் பார்த்தான்.

"தள்ளி நின்னா இவன் சொல்றது எனக்கு எப்படிங்க கேக்கும்?"