காலி நாற்காலி கூடாது

அந்த ஞாயிற்றுக்கிழமை மொந்தபேரா நகராட்சி நாடக அரங்குக்குள் இருந்தவர்கள்: மேடையில் இருபத்திரண்டு பேர், அதன் கீழே வாத்தியக் குழியில் ஒன்பது, திரை இழுக்க இரண்டு, விளக்கு பார்க்க ஒன்று, உட்கார்ந்து பார்க்க நகரத் தலைவர் அல்செஸ்தே உள்பட இருபத்தொன்று, வாசலில் எர்மெதே. ஆக ஐம்பத்தாறு. ஊரின் மொத்த ஜனத்தொகையும் அதுதான். மாகாணத் தலைநகரிலிருந்து வந்த ஆய்வாளரைச் சேர்த்தால் ஐம்பத்தேழு.

எண்ணியவர் எர்மெதே. அவர் எதையும் இரண்டு முறை எண்ணுவார். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மூன்றாம் முறை எண்ணிவிட்டு, முதலில் வந்ததையே வைத்துக்கொள்வார். இத்தாலியில் மலைமேல் இருக்கிற அந்தச் சின்ன ஊரில், இருநூறு வருஷத்து அரங்குக்கு அவர் நாற்பத்தோரு வருஷமாக வாசற்காவலர். சீட்டு கொடுக்கும் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த அறைதான் அவருக்கு வீடு. வேறு வீடு கிடையாது.

அதனால்தான் மாகாணத் தலைநகரிலிருந்து கடிதம் வந்த நாளிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. அரங்குக்குக் கூட்டம் வருவதில்லை என்று கேள்விப்பட்டோம், ஆய்வாளர் வருவார், அவர் கண்ணில் ஒரு நாற்காலிகூடக் காலியாகப் படக்கூடாது, பட்டால் அரங்கைத் தானியக் கிடங்காக்கிவிடுவோம் என்று எழுதியிருந்தது. அரங்கில் நாற்காலி எண்பத்து நான்கு. உட்கார ஆள் இருபத்தொன்று.

ஊர் கூடி யோசித்தது. பக்கத்து ஊர்க்காரர்களை அழைக்கலாம் என்றான் முடிதிருத்தும் நெல்லோ. அவர்கள் இங்கே வந்தால் அவர்கள் ஊர் நாற்காலியெல்லாம் காலியாகிவிடுமே, அந்தப் பாவம் நமக்கு எதற்கு என்று தலைவர் தடுத்துவிட்டார். மேடையில் இருப்பவர்களும் நாற்காலியில் உட்கார்ந்தே நடித்தால் என்ன என்று ஒருவர் கேட்டார். ரொட்டி சுடும் இர்மாதான் நாடகத்தில் இளவரசி. மூன்றாம் காட்சியில் குதிரையில் தப்பி ஓட வேண்டியவள். நாற்காலியோடு குதிரை ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டாள்.

காலி நாற்காலிகளை வெளியே சதுக்கத்தில் கொண்டுபோய் வைத்துப் பார்த்தார்கள். அங்கேயும் அவை காலியாகவே இருந்தன. மாதா கோயிலுக்குள் வைத்தார்கள். அங்கேயும் அப்படித்தான். எங்கே கொண்டுபோனாலும் விடாமல் காலியாகவே இருக்கின்றனவே என்று தலைவர் பெருமூச்சு விட்டார்.

எர்மெதே கூட்டத்தில் பேசுகிறவர் அல்ல. காதெல்லாம் சிவக்க எழுந்து நின்றார்.

"தலைவரே, நாற்காலியில ஆள் இருக்கணும்னு கடிதத்துல இல்ல. காலியா இருக்கக் கூடாதுன்னுதான் இருக்கு."

"அதுக்கு?"

"ஒரு நாற்காலிமேல இன்னொரு நாற்காலிய வெச்சா, கீழ இருக்கறது காலி இல்லையே."

ஊர் வாயைப் பிளந்தது. ஒருவர் மட்டும், மேலே இருக்கிற நாற்காலி காலிதானே என்றார். அதன்மேல் இன்னொன்று என்றார் எர்மெதே. அறுபத்து மூன்றையும் ஒரே அடுக்காக அடுக்கினால் உச்சியில் ஒன்றே ஒன்றுதான் காலியாக நிற்கும். அதில் ஆய்வாளர் உட்கார்ந்துவிடுவார். இரண்டு அடுக்காகப் போட்டால் பார்க்க நன்றாக இருக்கும் என்றான் நெல்லோ. இரண்டு உச்சிக்கு இரண்டு ஆய்வாளருக்கு எங்கே போவது என்று இர்மா அவனை அதட்டி உட்கார வைத்தாள்.

அடுக்கினார்கள். நாற்காலிக்கு ஒரு சாண் ஏறியது. முப்பதுக்கு மேல் ஏணி எட்டவில்லை. கூரைத்தளத்தின் நடுவே, பெரிய தொங்குவிளக்கை ஏற்றி இறக்க ஒரு வட்டத் துளை இருந்தது. விளக்கைக் கழற்றி ஓரம் வைத்துவிட்டு, மீதி நாற்காலிகளை மச்சுக்குத் தூக்கிப்போய் அந்தத் துளை வழியாகக் கயிறு கட்டி இறக்கினார்கள். அறுபத்து மூன்றாவது, துளைக்கு மேலே, மச்சுக்குள் தலை நீட்டி நின்றது. இலேசாக ஆடியது. சாய்ந்துவிடாமல் நான்கு பக்கமும் கயிறு கட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆய்வாளர் வந்தார். அவரை மச்சுப்படி வழியாக அழைத்துப்போய் உச்சியில் உட்கார வைத்தார் எர்மெதே. மரியாதையான இடமாக இருக்கிறதே என்றார் ஆய்வாளர். துளை வழியாக அவருக்குத் தெரிந்தது இளவரசியின் உச்சி வகிடும் ராஜாவின் வழுக்கையும்தான். இருந்தாலும் ரசித்தார். நாடகம் முடிந்ததும் நோட்டை எடுத்து, கண்ணுக்கு எட்டியவரை காலி நாற்காலி இல்லை என்று எழுதினார். எர்மெதேவுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆய்வாளர் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்திருக்கப் போனார்.

"ஐயா, அசையாதீங்க," என்றார் எர்மெதே. "நீங்க எழுந்தா இது காலி."

ஆய்வாளர் யோசித்தார். அவரும் சுத்தமான உத்தியோகஸ்தர். "ஆமா. கண்ணால பார்த்துட்டா எழுதாம இருக்க முடியாது. எப்ப வரைக்கும் காலியா இருக்கக் கூடாதுன்னு எங்க கடிதத்துல போடலையே."

"நீங்க எழுந்ததும் நான் உட்கார்ந்துக்கறேன்."

"நான் எழுந்திருக்கறதுக்கும் நீங்க உட்கார்றதுக்கும் நடுவுல?"

எர்மெதே தன் அறையை நினைத்தார். கிடங்கை நினைத்தார். பிறகு, மன்னிக்கணும் என்று சொல்லிவிட்டு, ஆய்வாளரின் மடியில் பதமாக உட்கார்ந்துகொண்டார்.

"இப்ப எழுந்திருங்க ஐயா."

"எப்படி? நீங்கதான் என்மேல உட்கார்ந்திருக்கீங்களே."

கீழேயிருந்து தலைவர், எல்லாம் நிறைந்ததா என்று குரல் கொடுத்தார். எர்மெதே இருந்த இடத்திலிருந்தே குனிந்து எண்ணினார். இன்னொரு முறை எண்ணினார். இரண்டும் ஒத்துப்போயின.

"நிறைஞ்சுது தலைவரே. ஆனா இங்க ஒரு நாற்காலிக்கு ரெண்டு பேர் இருக்கோம். இடம் பத்தலை."

தலைவர் தொப்பியைக் கழற்றினார். மொந்தபேரா அரங்கில் உட்கார இடம் போதாமல் போனது அதுவே முதல் தடவை. பக்கத்து ஊருக்கு ஓடிப்போய் நாற்காலி இரவல் வாங்கி வரும்படி நெல்லோவை விரட்டினார். எத்தனை வாங்குவது என்று வாசலில் நின்று கேட்டான் நெல்லோ.

எர்மெதே தவறாகச் சொல்லிவிடக்கூடாது என்று மூன்றாம் முறையும் எண்ணினார்.

"ஒண்ணு போதும். மிச்சம் ஒரு ஆள்தான்."