புகையிலையை விட்ட மான்

'சரக்' என்று ஒரு சத்தம். காய்ந்த இலை ஒன்று குளம்புக்கடியில் நொறுங்கிய சத்தம். நொச்சி என்ற புள்ளிமான் அதைக் கேட்டது நான்கு கோடைகளுக்கு முன்பு. ஆனாலும் கண்ணை மூடினால் அது இன்னும் அவளுக்குக் கேட்கும்.

காட்டின் ஓரத்தில் ஒரு புகையிலைக் கொட்டகை இருந்தது. அதன் கூரையைச் சூறைக்காற்று பிய்த்த அன்று, உலர்ந்த இலைகள் காட்டுக்குள் பறந்து வந்து விழுந்தன. நொச்சி ஒன்றை மிதித்தாள். முகர்ந்தாள். தும்மினாள். பிறகு, எதற்கென்றே தெரியாமல், நாக்கை நீட்டி அதை எடுத்துக் கன்னத்தில் அதக்கிக்கொண்டாள்.

முதலில் தலை சுற்றியது. பிறகு கால்கள் லேசாயின. மறுநாள் அதே இடத்துக்குப் போய்த் தேடினாள்.

தேடி அலையும் வேலை சில நாட்களில் நின்றுபோனது. குறுவாலன் என்ற நரி அந்தக் கொட்டகையிலிருந்து தினமும் ஓர் இலையைக் கவ்வி வந்து அவள் முன்னால் வைத்தான்.

"உனக்கு எதுக்குப்பா இந்தச் சிரமம்?" என்றாள் நொச்சி.

"சிரமமா! மந்தையையே தாங்குற மகராசி நீங்க. உங்களுக்கு இதுகூடச் செய்யலேன்னா இந்த நரிக்கு நல்ல கதி உண்டா, தாயே?"

புகழ்ச்சியும் புகையிலையும் சேர்ந்து வந்தால் யாருக்குத்தான் வேண்டாமென்று சொல்ல வாய் வரும்?

மந்தையைத் தாங்குகிறவள் என்பது பொய்யில்லை. மான்களிடம் ஒரு வழக்கம் உண்டு. குளத்தில் இறங்குவதற்குள், மந்தைக்கு முன்னால் நடக்கும் முன்மான் தனியாகப் போய்க் காற்றை முகர்ந்து பார்க்க வேண்டும். இந்த மந்தைக்கு முன்மான் நொச்சி. அவள் முன்காலால் தரையை இரண்டு முறை தட்டினால்தான் மற்றவை தண்ணீரில் வாய் வைக்கும். மரத்தின் மேலே சாம்பி என்ற மந்தி காவல் இருந்தாள். அவள் கண் கழுகுக் கண். ஆனால் குளத்தங்கரையில் கோரைப்புல் மானின் தலைக்கு மேல் வளர்ந்து கிடந்தது. அதற்குள் படுத்திருப்பது எந்தக் கண்ணுக்கும் தெரியாது. மூக்குக்குத்தான் தெரியும்.

அந்தப் பங்குனியில் ஒரு காலை, நொச்சி குளத்தங்கரையில் நின்று காற்றை இழுத்தாள். ஒன்றும் இல்லை. இரண்டு முறை தட்டினாள். மந்தை இறங்கியது.

கோரை பிளந்தது. சிறுத்தை பாய்ந்தது!

தும்பை என்ற இளம் பெண்மான்தான் ஓரத்தில் நின்றாள். வயிற்றில் குட்டி. எப்படியோ உதறிக்கொண்டு ஓடினாள். தொடையில் நான்கு நகக்கோடுகள் ஆழமாக விழுந்திருந்தன.

சாம்பி மரத்திலிருந்து இறங்கி வந்தாள். அழுகிய அத்திப்பழம் ஒன்றை நொச்சியின் மூக்கருகே நீட்டினாள்.

"என்ன வாசனை அடிக்குது? சொல்லு!"

"நல்லா... பழ வாசனை."

"பழ வாசனையா! நாத்தம் தாங்காம நானே மூக்கைப் பொத்திட்டிருக்கேன். அடி நொச்சி, உன் மூக்கு செத்துப்போச்சுடி! அந்த இலை தின்னுடுச்சு."

நொச்சியின் தலை தாழ்ந்தது.

மந்தையில் மூத்தவன் முக்கிளையன் என்ற ஆண்மான். கொம்பைப் போலவே பேச்சிலும் கிளை அதிகம். அன்று மட்டும் சுருக்கமாகப் பேசினான்.

"பாறைச் சுனையில எட்டு நாளைக்குத் தண்ணி இருக்கு. அது வத்திட்டா இந்தக் குளத்தை விட்டா வழியில்லை. குளத்துக் காத்து உன்னைத் தவிர யாருக்கும் பழக்கமில்லை. எட்டு நாள்ல மூக்கு திரும்பினா நீ முன்னால நட. திரும்பலேன்னா மந்தையைக் கலைச்சுட வேண்டியதுதான். அவங்கவங்க பாடு அவங்கவங்களுக்கு."

தனி மான் என்றால் சிறுத்தைக்குச் சுலபமான விருந்து. அது எல்லோருக்கும் தெரியும்.

"விட்டுடறேன், அண்ணே," என்றாள் நொச்சி.

முதல் நாள் சுலபமாகப் போனது. வெட்கமே காவல் காத்தது. 'இவ்வளவுதானா!' என்றுகூட நினைத்துக்கொண்டாள்.

இரண்டாம் நாள் அது இவ்வளவு இல்லை என்று தெரிந்தது. வாய் நமநமவென்றது. நெற்றிக்குள் மரங்கொத்தி கொத்தியது. காரணமில்லாமல் ஒரு கறையான் புற்றை முட்டி உடைத்தாள். "வலிக்குதா அக்கா?" என்று கேட்ட தும்பையின் மேல் எரிந்து விழுந்தாள். "எனக்கு வலிச்சா உனக்கென்னடி? உன் தொடையைப் பாத்துக்கோ!" சொன்ன பிறகு, அந்தத் தொடையைப் பார்க்க முடியாமல் திரும்பிக்கொண்டாள்.

சாம்பி நெல்லி மரத்தில் ஏறி, பருவம் முடிந்து மிஞ்சியிருந்த காய்களை உலுக்கினாள்.

"வாய் கேட்கும்போதெல்லாம் ஒண்ணு கடி."

"எவ்வளவு நேரம்டி இருக்கும் இந்தப் பாடு?"

"ஒரு காயைக் கடிச்சுத் தின்னு முடிக்கிற நேரம். அப்புறம் போயிடும்."

"போயிடுமா?"

"போயிட்டு மறுபடியும் வரும். மறுபடியும் ஒண்ணு கடி."

"உனக்கெப்படித் தெரியும்?"

சாம்பி வாலைச் சுருட்டிக்கொண்டாள். "புளிச்ச இலுப்பைப்பூவைத் தின்னு தின்னு கிளையிலேருந்து மூணு தடவை விழுந்தவடி நான். மூணாவது தடவை முள்ளு மேல. கதையைக் கேக்காதே, காயைக் கடி!"

அதைக் கேட்டு நொச்சி சிரித்தாள் என்று சொல்ல ஆசை. ஆனால் இரண்டாம் நாள்தான் ஆகியிருந்தது. காயைக் கடித்தாள். துவர்த்தது. சுனைக்குப் போய்த் தண்ணீர் குடித்தாள். இனித்தது. அந்த நேரம் கழிந்தது.

மூன்றாம் நாள் மதியம். மருத மர நிழலில் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தாள். வயிற்றிலிருந்து ஒரு கவளம் மேலே வந்தது. மெல்லத் தொடங்கியதும் திடுக்கிட்டாள்.

புகையிலை! அதே காரம். அதே சாறு.

'நான் விடவில்லை. என் வயிறே விடவில்லை. மூன்று நாளும் வீண்' என்று நினைத்தாள். அந்தக் காரம் நாக்கில் பட்டதும் மனம் வேறு, இன்னும் இன்னும் என்று கெஞ்சியது.

நரிக்கு எப்போது வர வேண்டும் என்று தெரியும்.

"பாத்தீங்களா தாயே!" குறுவாலன் புதருக்குப் பின்னாலிருந்து வந்தான். "வாயில வந்ததுதான் வந்துடுச்சு. விரதம் கலைஞ்சது கலைஞ்சதுதான். கலைஞ்ச விரதத்தில் ஒண்ணு என்ன, ரெண்டு என்ன? இந்தாங்க, இளசா ஒண்ணு." இலையை வைத்துவிட்டு நாசூக்காக விலகிப் போனான்.

அவன் சொன்னது சரியாகத்தான் பட்டது. தோற்றவள் தோற்றவள்தானே! நொச்சி குனிந்தாள். உதடு இலையைத் தொட்டது. அப்படியே நின்று ஓலமிட்டாள்.

"சாம்பீ! நான் தோத்துட்டேன்!"

இரண்டு தாவலில் சாம்பி வந்து இறங்கினாள். "தின்னுட்டியா?"

"இல்லை. ஆனா வாயில வந்துடுச்சு."

சாம்பி அவள் முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"அடி பைத்தியக்காரி! நாங்க தின்னா ஒரு தடவையோட சரி. நீங்க தின்னது திரும்பித் திரும்பி வரும். இது நீ விடறதுக்கு முன்னால தின்னதுடி! பழசு வந்ததுக்கு நீ என்ன பண்ணுவே? மென்னு விழுங்கு. மேலே புதுசு போடாதே. போடலேன்னா அது எத்தனை தடவை வந்துடும்?"

நொச்சி யோசித்தாள். வாயிலிருந்ததை மென்றாள். முகம் சுளித்து விழுங்கினாள். பிறகு தரையிலிருந்த இலையைப் பின்னங்காலால் புதருக்குள் எட்டி உதைத்தாள்.

அன்று மாலை பழையது மீண்டும் வந்தது. காரம் கொஞ்சம் குறைந்திருந்தது. நாலாம் நாள் ஒருமுறை வந்தது, வெறும் கசப்பு. ஐந்தாம் நாள் வந்த கவளத்தில் அறுகம்புல்லின் சுவை மட்டும்தான் இருந்தது. அவள் அதை வெகுநேரம் மென்றாள். விழுங்க மனமே வரவில்லை.

ஆறாம் நாள் விடிந்தபோது நொச்சிக்கு ஏதோ நெருடியது. காற்றில் என்னவோ இருந்தது. பெயர் மறந்த உறவுக்காரரைப் பார்ப்பது போலச் சற்று விழித்தாள். பிறகு ஒவ்வொரு வாசனையும் பெயர் சொல்லிக்கொண்டு வந்தது. மண். சுனைப் பாசி. வேப்பம்பூ. அப்புறம் ஏதோ புண் வாடை. திரும்பினாள். தும்பை நின்றாள்.

நான்கு கோடையில் முதன்முறையாக நன்றாக முகர்ந்தது தன்னால் வந்த காயத்தை. நொச்சி அருகில் போய் அந்தக் கோடுகளை மெல்ல நக்கினாள். தும்பை காலை வாகாக நகர்த்திக் கொடுத்தாள்.

வெயில் ஏறியதும் குறுவாலன் வந்தான். வாயில் இலை. காரம் குப்பென்று அடித்தது. நொச்சிக்கு வாய் ஊறத்தான் செய்தது. ஆனால் அந்தக் காரத்துக்கு அடியில் இன்னொரு வாடை இருந்தது. நரியின் முதுகில், பிடரியில், காலிடுக்கில். பழைய ரத்தமும் பூனை மூத்திரமும் கலந்த வாடை.

சிறுத்தை!

அவள் கால்கள் ஓடத் துடித்தன. பிடித்து நிறுத்தினாள். எல்லாம் விளங்கியது. இவன் படுப்பது சிறுத்தையின் குகையில். தின்பது சிறுத்தை வைத்த மிச்சம். நான்கு கோடையாகச் சிறுத்தையின் வாடையைச் சுமந்துகொண்டு இவன் தன் முன்னால் நின்றிருக்கிறான். அது தெரியாமலிருக்கத்தான் தினம் ஓர் இலை!

"வச்சுட்டுப் போ, குறுவாலா," என்றாள், குரல் நடுங்காமல். "எட்டாம் நாள் காலையில போட்டுக்கறேன். அன்னிக்குக் குளத்துல எறங்கத்தான் தெம்பு வேணும்."

நரியின் கண் மின்னியது. "எந்தத் துறையில எறங்குவீங்க, தாயே?"

"கிழக்குத் துறை."

நரி வாலைச் சுழற்றிக்கொண்டு ஓடினான்.

எட்டாம் நாள். சுனையில் ஈரச் சேறுதான் மிச்சம். குட்டிகளின் நாக்கு வெளியே தொங்கியது. நொச்சி மந்தையை மேற்குத் துறைக்கு நடத்திப் போனாள்.

"நரியை நல்லா ஏமாத்திட்டே," என்றாள் மேலே தாவி வந்த சாம்பி. "அங்கே கிழக்கே அவங்க காத்துக் கிடக்கட்டும். இறங்குங்கடி சீக்கிரம்!"

"பொறு," என்றாள் நொச்சி.

அவள் கரையில் தனியாக நின்றாள். பின்னால் நாற்பது தொண்டைகள் வறண்டு நின்றன. காற்று அசையவில்லை. அசையும் வரை காத்திருந்தாள். முக்கிளையன் பொறுமையிழந்து மண்ணைக் கீறினான். "எவ்வளவு நேரம்?"

கோரை மெல்லச் சாய்ந்தது. தண்ணீரின் மேலிருந்து காற்று வந்தது. தாமரை இலை. சேறு. நத்தை. அப்புறம், மெல்லிய நூல் போல, அது.

பொய்யனை வேலைக்கு வைத்திருப்பவன் அவன் பேச்சை நம்புவதில்லை. 'கிழக்கு' என்று நரி சொன்னதும் சிறுத்தை மேற்கே வந்து படுத்துவிட்டது.

நொச்சி காலைத் தூக்கினாள். தட்டவில்லை. தலையை நிமிர்த்திக் காடே கேட்கும்படி கூவினாள்.

மந்தை பின்வாங்கியது. மரமெல்லாம் மந்திகள் கத்தின. "அதோ! அங்கே! வாலைப் பாரு!" முப்பது அடி தள்ளிக் கோரைக்குள்ளிருந்து சிறுத்தை எழுந்து நின்றது. கண்ணில் பட்ட பின் பாய்ந்து பயனில்லை என்று அதற்குத் தெரியும். யாரையும் பார்க்காதது போல, கொட்டாவி விட்டுக்கொண்டு மேட்டைத் தாண்டிப் போனது.

நொச்சி மறுபடி முகர்ந்தாள். இன்னொரு முறை முகர்ந்தாள். தாமரை இலை. சேறு. நத்தை. வேறெதுவும் இல்லை.

இரண்டு முறை தட்டினாள்.

நாற்பது மான்களும் தண்ணீரில் வாய் வைத்தன. அந்த உறிஞ்சல் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நின்றாள். தும்பை முகமெல்லாம் நனைந்து நிமிர்ந்தாள். "நீயும் குடி அக்கா, இன்னும் என்ன பாத்துட்டு நிக்கறே!" நொச்சியின் நெஞ்சிலிருந்து நீளமாக ஒரு மூச்சு இறங்கியது. நான்கு கோடையாக அங்கே அடைந்து கிடந்த மூச்சு. பிறகு அவளும் குனிந்து குடித்தாள்.

விட்ட பழக்கத்தின் ருசி சில நாள் திரும்பி வரத்தான் செய்யும். அதைத் தோல்வி என்று எண்ணிப் புதிதாக ஒன்றை வாயில் போடாதவரே அதிலிருந்து மீள்வார்.

நொச்சி இன்னும் ஏழு கோடை மந்தைக்கு முன்னால் நடந்து, எட்டாவது மழைக்காலத்தில் மூங்கில் புதரருகே படுத்த இடத்திலேயே வயதாகி இறந்தாள்.