வலது மூலையில் ஒரு கட்டம்

"மூணு தடவை வரைபடத்தைத் திருப்பிக் குடுத்துட்டீங்க மேடம். இன்னும் என்ன குறை?" என்று கேட்டான் தணிகாசலம்.

தையல்நாயகி அவனைவிட வயதில் இளையவர். அவனுக்குக் கட்டடக்கலை கற்பித்தவர்.

அவன் வரைந்திருந்தது ஒரு மருத்துவமனை. அவனுடைய முதல் கட்டடம். மறுநாள் பத்து மணிக்குள் அவர் கையொப்பத்துடன் வரைபடத்தை ஒப்படைக்காவிட்டால் அந்த வேலை வேறொருவர் கைக்குப் போய்விடும்.

உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் அவன் விளக்கினான். சைக்கிள்களுக்கு நிழல் உண்டு. மின்சார வண்டிகளுக்குச் சார்ஜ் ஏற்றும் இடம் உண்டு. நடப்பவர்களுக்கு உள்ளே மரவரிசை உண்டு.

"பஸ்ல வர்றவங்க எப்படி நுழைவாங்க?"

"வாசல் வழியா."

"எந்த வாசல்?"

"ஒரே வாசல்தான் மேடம். வடக்கே."

"பஸ்ல போய் அந்த வாசலைத் தொட்டுட்டு வாங்க."

நேரமில்லை என்று மன்றாடினான். அவர் வேறு தாள்களைத் திருத்தத் தொடங்கிவிட்டார்.

போனான். மனையைச் சுற்றி, வடக்கே வாசலுக்கு இடம் விட்டு, மதில் மட்டும் எழும்பியிருந்தது. பேருந்து தெற்குச் சாலையில் நின்றது. வழி கேட்டபோது நடத்துநர், "சுத்திப் போங்க சார். அவசரம்னா சுவர் ஏறிக் குதிங்க" என்றார்.

திரும்பி வந்தபோது பிற்பகல் மூன்று மணி. சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"பஸ் ஸ்டாப்ல இருந்து வாசலுக்கு எத்தனை காலடி?"

"எழுநூத்திப் பன்னெண்டு." கோபத்தில் எண்ணியிருந்தான்.

"முழங்கால் வலி உண்டா உங்களுக்கு?"

"இல்ல."

"காய்ச்சல்?"

"இல்ல மேடம்."

அவன் வாதாடத் தொடங்கினான். பேருந்து நிறுத்தத்தைத் தான் மறைக்கவில்லை என்றான். மனையை அளந்த அளவையாளர் கொடுத்த படத்தில் அது இருந்திருந்தால் தெற்கிலும் ஒரு வாசல் வைத்திருப்பேன் என்றான்.

அவர் எழுந்தார். அளவையாளரின் படத்தைச் சன்னல் கண்ணாடியில் வைத்தார். அதன்மேல் அவனுடைய பென்சில் வரைபடத்தை விளிம்புக்கு விளிம்பு பொருத்திப் பிடித்தார்.

வெயில் இரு தாள்களையும் ஊடுருவியது. அடியில் இருந்த படத்தின் கோடுகள் மேலே தெரிந்தன. தெற்குச் சாலையின் வலது மூலையில் ஒரு சிறு சதுரம். பேருந்து நிறுத்தம்.

அதே இடத்தில், அவன் தாளில், இரட்டைக் கோட்டால் ஒரு கட்டம் போடப்பட்டிருந்தது.

"அங்க என்ன எழுதியிருக்கீங்க? படிங்க."

அவன் குனிந்தான். வரைந்தவர் என்று போட்டு, அவன் பெயர்.



"ரப்பர் இருக்கா மேடம்?" என்றான்.