ஆமென் சொல்லாத ஜெபம்

“ஆண்டவர் எனக்கு ஒரு வேளையைக் காட்டமாட்டேங்காரு, ஐயா” என்றார் தாசையா.

ஜெபம் பண்ணப் படிப்பதற்காக மாலைதோறும் உபதேசியார் எசேக்கியேலைத் தேடிக் கோயிலுக்கு வருகிறவர் அவர். நன்றாகவே படித்துவிட்டார். தாசையா ஜெபத்தை ஆரம்பித்தால் சபையில் பிள்ளைகள் தூங்கியே எழுந்துவிடும்.

“எதுக்கு வேளை?”

“அண்ணன்கிட்டப் பேச. என் மக கல்யாணப் பத்திரிகையில அவன் பேரை விட்டுட்டேன். அன்னையிலேருந்து பேச்சு இல்ல. நாளைக்கு வீட்டைப் பூட்டிட்டு, அவன் மக கூடவே இருக்கேன்னு கோயம்புத்தூருக்குப் போறான். இனி வரமாட்டான்.”

“அண்ணன் வீடு எங்க?”

“அடுத்த தெருதான்.”

“போனா என்ன?”

“ஆண்டவர் சொல்லாம எப்படிப் போக? அவரோட வேளைன்னு ஒண்ணு இருக்குல்லா?”

உபதேசியார் வாதாடவில்லை. “முழங்கால் போடுவோம்” என்றார்.

தாசையா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். உபதேசியார் மூடவில்லை. ஜன்னலைப் பார்த்தபடியே ஜெபித்தார்.

“பிதாவே, இந்தச் சகோதரனுக்கு ஒரு வேளையைத் தாரும்…”

நிறுத்தினார்.

“தாசையா, கண்ணைத் திறயும் வே.”

“ஜெபத்திலயா?”

“வெளியே பாரும்.”

ரோட்டில் அண்ணன் தங்கையா நின்றார். தள்ளுவண்டியிலிருந்து மூட்டை சரிந்து கிடந்தது. மூட்டையைத் தூக்கினால் வண்டி சாய்கிறது. வண்டியைப் பிடித்தால் மூட்டைக்குக் கை இல்லை. ரோட்டில் வேறு ஆளும் இல்லை.

தாசையா பார்த்தார். மறுபடியும் கண்ணை மூடினார்.

“ஜெபத்தை முடிச்சிருவோம் ஐயா. ஆமென் சொல்லாம எழும்பக் கூடாது.”

“ஆமெனை நான் பாத்துக்கிடுதேன். நீரு எழும்பும்.”

“போய் என்ன பேச?”

“முதல்ல வண்டியைப் பிடியும்.”

தாசையா ஓடினார். செருப்பு கோயில் வாசலிலேயே கிடந்தது.

அவர் திரும்பி வந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. சட்டையெல்லாம் புழுதி. உபதேசியார் அதே இடத்தில், அதே முழங்காலில் இருந்தார்.

“பேசினீரா?”

“நான் எங்க பேச? வண்டியைப் போய்ப் பிடிச்சேன். அண்ணன் மூட்டையைத் தூக்கி வச்சான். பொறவு, ‘நேராப் பிடிலே, சவத்து மூதி’ன்னான்.”

தாசையா அழுதார். அழுதுகொண்டே சிரித்தார்.

“அவன் என்னைத் திட்டி எத்தனை வருசமாச்சு, ஐயா! வீடு வரைக்கும் சேர்ந்தே தள்ளிட்டுப் போனோம். பத்திரிகை விசயத்துக்கு மன்னிப்புக் கேட்டேன். ‘சாப்பிட்டுட்டுப் போ’ன்னான். சாப்பிட்டேன்.”

“அதான் இவ்வளவு நேரமா? எனக்கு முழங்கால் போச்சு வே.”

உபதேசியார் ஜன்னல் பக்கம் திரும்பினார்.

“…இயேசுவின் மூலம் ஜெபம் கேளும், நல்ல பிதாவே.”

“ஆமென்” என்றார் தாசையா, கண்ணைத் திறந்தபடியே.