கழற்றும் அறை

“வேற யாரையாவது அனுப்புங்க ஆண்டகை. என்னால முடியாது.”

இஞ்ஞாசி சாமி ஆயர் இல்லத்து முன்னறையில் உட்காரக்கூட இல்லை. வந்த வேகத்தில் நின்றபடியே சொல்லிவிட்டார்.

அவருடைய பங்குக் கோயிலில் அவருக்கு உதவியாக இருந்த உபதேசியார் தொபியாஸ், தொட்டால் ஒட்டும் வவ்வால் காய்ச்சலில் பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தார். பிழைக்க வழியில்லை என்று டாக்டர்கள் காலையிலேயே கைவிரித்துவிட்டார்கள். தொபியாஸ் கேட்டது ஒன்றுதான். சாமி வந்து அவஸ்தை பூச வேண்டும். சாகப்போகிறவர்களின் நெற்றியில் எண்ணெய் தொட்டுச் சொல்லும் அந்தக் கடைசி ஜெபத்தைத் தன் சாமியின் வாயால் கேட்க வேண்டும்.

“உங்களைத்தானே கேட்டார்?” என்றார் ஆயர் கஸ்மீர்.

“என்னைத்தான்.”

“நல்ல பழக்கமா?”

“நான் அந்தப் பங்குக்கு வந்ததுல இருந்து என் பைக்கை ஓட்டுறது அவர்தான். எனக்குப் பல்வலின்னா அவருக்குத் தூக்கம் வராது.”

சாமி முகத்தைத் துடைத்துக்கொண்டு மேலே சொன்னார்.

“ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போனேன் ஆண்டகை. திரும்பி வந்துட்டேன்.”

ஆயர் இவரைவிடப் பத்து வயது இளையவர். குருவாகும் முன் கிருமிகளை ஆராய்ந்த விஞ்ஞானி. மறைமாவட்டத்தில் அவருக்கு முதுகுக்குப் பின்னால் ‘கிருமி ஆண்டகை’ என்று பெயர். அந்தப் பெயரை வைத்த புண்ணியவானே இஞ்ஞாசி சாமிதான். இப்போது அவர் முன்னாலேயே வந்து நிற்க வேண்டியதாயிற்று. பயம் வந்தபிறகு மானத்தையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?

“உங்களுக்கு அந்தக் கிருமியை நல்லாத் தெரியும். அதனால பயம் கிடையாது. எனக்கும் பயம் போக ஒரு வழி சொல்லுங்க. இல்லேன்னா வேற சாமியை அனுப்புங்க.”

ஆயர் எழுந்து கார் சாவியை எடுத்தார்.

“நான் போறேன். நீங்க கூட வாங்க.”

“உள்ளேயா?”

“வாசல் வரைக்கும்.”

சாமிக்குப் போன உயிர் பாதி திரும்பியது.

கார் மெயின் ரோட்டில் ஏறியது. பிறகு ஆயரே ஆரம்பித்தார்.

“பயமே இல்லாத ஒருத்தன் எங்க லேப்ல இருந்தான். கெட்டிக்காரன். எனக்கு அடுத்த மேசை.”

“இப்போ எங்கே இருக்கார்?”

“கல்லறையில. அடக்கத்துக்கு யாரும் பக்கத்துல வரலை. ஒரு சாமி மட்டும் வந்தார். அவருக்கு ஒரே நடுக்கம். கையில இருந்த ஜெபப் புத்தகம் அப்படி ஆடுச்சு. ஆனா மந்திரம் முடியுற வரைக்கும் நின்னார். அவரைப் பார்க்கணும்னு மறுவாரம் அவர் கோயிலுக்குப் போனேன். அப்படியே தங்கிட்டேன்.”

இஞ்ஞாசி சாமிக்கு இந்தக் கதையில் செத்தவன் மட்டும்தான் காதில் விழுந்தான்.

தனி வார்டுக்குள் போக ஒரு வழி, வர ஒரு வழி. வரும் வழியில் ஒரு சின்ன அறை. வார்டில் போட்டிருந்த கவச உடையை அங்கேதான் கழற்ற வேண்டும். அதன் ஒரு பக்கச் சுவர் முழுவதும் கண்ணாடி.

ஆயர் அங்கியும் பூட்ஸும் கையுறையும் முகக்கவசமும் மாட்டிக்கொண்டார். மேலே ஊதா ஸ்டோலைக் கழுத்தில் போட்டார். சாமிகள் திருச்சடங்குக்குப் போடும் நீளப் பட்டை அது.

“உள்ளே போறதைவிடக் கழற்றுறதுதான் ஆபத்து சாமி. களைச்சுப்போய் வருவேன். கை தன்பாட்டுக்குப் போகும். நீங்க கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்னு பாருங்க. அழுக்குக் கை முகத்துக்கிட்ட போச்சுன்னா கத்துங்க.”

“அதுக்குத்தான் நர்ஸம்மா இருக்காங்களே?”

“இருக்காங்க. அவங்களுக்கு இது பழகிப்போச்சு.”

“பயந்து ஓடி வந்தவனைப் போயா காவலுக்கு வைக்கிறீங்க?”

ஆயர் உள்ளே போனார். கதவு மூடிக்கொண்டது.

வார்டுக் கதவில் ஒரு சின்ன ஜன்னல் இருந்தது. பார்க்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே சாமி பார்த்தார். கட்டிலில் கிடந்தவரை அடையாளமே தெரியவில்லை. ஆயர் குனிந்து நெற்றியில் எண்ணெய் பூசினார். தொபியாஸின் கண் ஆயரின் தோளைத் தாண்டிக் கதவைப் பார்த்தது. சாமி சட்டென்று விலகிச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். தன் மேலேயே அவருக்கு அருவருப்பாக இருந்தது.

ஆயர் கழற்றும் அறைக்கு வந்தபோது தள்ளாடினார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சாமியும் நர்ஸும் நின்றார்கள்.

“முதல்ல அந்தத் துணியை எடுத்துக் கூடையில போடுங்க. அப்புறம் பூட்ஸ்” என்றாள் நர்ஸ். துணிதானே, அதில் என்ன இருக்கிறது என்று அவள் கண் அதற்குள் பூட்ஸுக்குப் போய்விட்டது.

ஆயர் ஸ்டோலைக் கழற்றினார். கூடைப் பக்கம் திரும்பவில்லை. இரண்டு கையாலும் பிடித்து அதன் நடுவில் தைத்திருந்த சிலுவையைத் தேடினார்.

சாமி கண்ணாடியோடு ஒட்டி நின்றார். அந்தக் கை அடுத்து எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். குருப்பட்டம் வாங்கிய நாள் முதல் அவருடைய கையும் அங்கேதான் போகிறது. ஸ்டோலைப் போடும்போதும் கழற்றும்போதும் அந்தச் சிலுவையை உதட்டில் வைத்து முத்தி செய்யாத சாமி உண்டா?

ஆயரின் ஒரு கை ஸ்டோலை வாய்க்குக் கொண்டுபோனது. மறு கை முகக்கவசத்தைக் கீழே இழுக்க எழுந்தது.

“டேய்! கையை எடுறா!”

கண்ணாடி அதிர்ந்தது. நர்ஸ் துள்ளி விழுந்தாள். உள்ளே அந்தக் கை முகக்கவசத்துக்கு ஒரு விரற்கடை தள்ளி அப்படியே நின்றுவிட்டது.

“கீழே போடுங்க. கூடையில. முகத்துக்கிட்ட கொண்டுபோகாதீங்க. ம், இப்போ பூட்ஸ். மெதுவா. மெதுவா ஆண்டகை.”

கடைசிக் கையுறை கூடையில் விழும்வரை சாமி கண்ணாடியைவிட்டு நகரவில்லை.

வெளியே வந்த ஆயர் பெஞ்சில் உட்கார்ந்தார். நர்ஸ் நீட்டிய தம்ளரை வாங்கினார். தண்ணீர் பாதி மடியில் சிந்தியது.

“மன்னிச்சிருங்க ஆண்டகை. வாய் தவறி டேய்னுட்டேன்.”

“இன்னும் சத்தமாக்கூடச் சொல்லியிருக்கலாம்.”

சாமி அந்த நடுங்கும் கையையே பார்த்தார்.

“உங்களுக்குமா பயம்?”

“ஆமா. கதவைத் திறக்கும்போதே திரும்பிடலாமான்னு இருந்துச்சு.”

உள்ளே ஏதோ ஒரு மெஷின் விட்டு விட்டுக் கூவியது.

“தொபியாஸ் ஏதாவது பேசினாரா?”

“ஒண்ணே ஒண்ணு கேட்டார். எங்க சாமி வரலையான்னு.”

இஞ்ஞாசி சாமி வார்டுக் கதவைத் திரும்பிப் பார்த்தார்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“உள்ளே வர உடுப்பு மாட்டிக்கிட்டு இருக்கார்னு சொன்னேன்.”