மஞ்சள் விமானத்து வாத்தியார்கள்

“நல்லா சொல்லிக் குடுத்தா சண்டைக்குப் போய்ச் சாகறான். லாயக்கில்லைன்னு தள்ளி விட்டாலும் சாகறான். நான் என்னதான் சார் செய்யட்டும்?”

பொன்னுரங்கம் கேட்டான்.

செங்கல்வராயன் விமானத்தின் கீழ்ச் சிறகில் ஒரு கிழிசலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“யாரு செத்தது?”

“ஏகாம்பரம். காலைலதான் சேதி வந்துது.”

செங்கல்வராயன் சிறகிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

இரண்டு பேருமே பட்டாளத்துப் பையன்களுக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்கும் வாத்தியார்கள். செங்கல்வராயன் தலைமை வாத்தியார். பொன்னுரங்கத்துக்கே கற்றுக்கொடுத்தவர் அவர்தான். வயதில் பொன்னுரங்கம் இரண்டு வருஷம் மூத்தவன். இருந்தால் என்ன? ஆகாயத்தில் யார் வயதைப் பார்க்கிறார்கள்?

அந்த விமானத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன்.

மேலே ஒரு சிறகு, கீழே ஒரு சிறகு, நடுவில் கட்டையும் கம்பியும். மரச்சட்டத்தின் மேல் துணியைப் போர்த்தி இறுக்கிப் பசை பூசியது. பணக்கார வீட்டுப் பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓட்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். யுத்தம் வந்ததும் சர்க்கார் அதைப் பிடுங்கி, மஞ்சள் பெயிண்ட் அடித்து, இவர்களுடைய பள்ளிக்கூடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டது.

சண்டைக்கே போகாத விமானம் அது. ஒரு தோட்டா கிடையாது அதில். பார்த்தால் பரம சாது. ஆனால் பர்மா எல்லைக்குப் போய்த் திரும்பி வராத பையன்கள் அத்தனை பேரும் முதன்முதலில் ஏறி உட்கார்ந்தது அதில்தான். பாழாய்ப் போக!

“ஏகாம்பரத்தை வேணும்னுதான் சார் ஃபெயில் பண்ணேன்” என்றான் பொன்னுரங்கம். “பிரமாதமா ஓட்டினான். தரையில இறக்கினான்னா இறங்கினதே தெரியாது.”

“தெரியும்.”

“அவங்கம்மா இங்கயே வந்து அழுதாங்க. ஒரே புள்ளைங்க, அனுப்பிடாதீங்கன்னு. பைலட் ஆகலைன்னா எங்கயாவது கிடங்குல சாமான் எண்ணிக்கிட்டு உயிரோட கிடப்பான்னு நெனச்சேன்.”

“எங்க வெச்சாங்க?”

“துப்பாக்கில. பைலட் முதுகுக்குப் பின்னாடி, வாலைப் பார்க்க உட்கார வெச்சிருக்காங்க. விமானம் பர்மால, அரக்கான் காட்டுல விழுந்துடுச்சு சார்.”

“ஓட்டத் தெரியாதுன்னு நாம தள்ளி விட்டவனை அங்கதான் வைப்பாங்க.”

“உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“ஏன் சார் என்கிட்ட சொல்லலை?”

“நீ கேக்கலை. நானும் வாயைத் தொறக்கலை.”

“பாவி சார் நீங்க.”

“ஆமா.”

இப்படி ஒப்புக்கொள்கிறவரிடம் என்னவென்று சண்டை போடுவது? பொன்னுரங்கம் தலையில் கைவைத்துக்கொண்டு சக்கரத்தின் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான்.

கொஞ்ச தூரத்தில் மாசிலாமணி நின்றிருந்தான். இப்போது பொன்னுரங்கத்திடம் படிக்கிற பையன். கையை விமானம்போல் சாய்த்துச் சாய்த்துக் கூட்டாளிகளிடம் எதையோ விளக்கிக்கொண்டிருந்தான். ஒரே சிரிப்பு.

“சாயங்காலத்துக்குள்ள இவனுக்குத் தீர்ப்பு சொல்லணும்” என்றான் பொன்னுரங்கம். “ஏகாம்பரத்தைவிட நல்லா ஓட்டறான், படுபாவி. பாஸ் போடறதா, ஃபெயில் போடறதா? சொல்லுங்க சார். எதைப் போட்டா பொழைப்பான்?”

“ஏறு” என்றார் செங்கல்வராயன்.

“எங்க?”

“உன் இடத்துல.”

அந்த விமானத்தில் வாத்தியார் முன்னால் உட்காருவார், மாணவன் பின்னால். இரண்டு பேர் காலடியிலும் மிதி, கால்களுக்கு நடுவில் விமானத்தை ஏற்றி இறக்க ஆளுக்கொரு ஸ்டிக் இருக்கும். பையன் தப்பு செய்தால் வாத்தியார் தன்னுடையதைப் பிடித்துச் சரிசெய்துவிடலாம். பேசிக்கொள்ள ஒரு குழாய்.

பொன்னுரங்கம் முன் இருக்கையில் ஏறி வாரைப் பூட்டிக்கொண்டான். செங்கல்வராயன் சிறகின்மேல் நின்று உள்ளே கைவிட்டார். பொன்னுரங்கத்தின் ஸ்டிக்கைக் கழற்றி எடுத்து, கீழே நின்ற மெக்கானிக்கிடம் கொடுத்துவிட்டார்.

“சார்! என்ன பண்றீங்க?”

“மிதி மேலயும் கால் படக்கூடாது” என்றார். மாணவன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார்.

மெக்கானிக் காற்றாடியைச் சுழற்றி விட்டான்.

ஏரிக்கரைப் பனைகளைத் தாண்டி விமானம் மேலே ஏறிக்கொண்டே போனது. நல்ல உயரம் வந்ததும் செங்கல்வராயன் விமானத்தின் மூக்கைத் தூக்கினார். எஞ்சின் சத்தம் அடங்கியது. ஒரு பக்கச் சிறகு சரிந்தது. விமானம் தலைகுப்புற, சுற்றிச் சுற்றி விழ ஆரம்பித்தது.

இதெல்லாம் பொன்னுரங்கத்துக்குப் புதிதா என்ன? தினமும் பையன்களுக்கு அவனே செய்து காட்டுகிற பாடம். எதிர்ப்பக்கத்து மிதியை அழுத்தி, ஸ்டிக்கை முன்னால் தள்ளினால் சொன்னபடி நிமிர்ந்துவிடும்.

அவன் கை தானாகவே முன்னால் போனது.

அங்கே ஒன்றும் இல்லை.

ஏரி சுற்றியது. வயல் சுற்றியது. நாற்று நடுகிற பெண்கள் நிமிர்ந்து பார்ப்பது தெரிந்தது.

“எடுங்க சார்!”

குழாயில் பதில் இல்லை.

“சார், போதும், எடுங்க!”

ஏரி இன்னும் பக்கத்தில் வந்தது.

“ஐயோ, எடுய்யா! டேய் செங்கல்வராயா, எடுடா!”

வயதில் மூத்தவன் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது போலிருக்கிறது.

நாற்று நட்ட பெண்கள் சேற்றில் விழுந்தடித்து ஓடினார்கள். பொன்னுரங்கம் இரண்டு கையாலும் வெறுங்காற்றைப் பிடித்துப் பிடித்து இழுத்தான். அம்மா என்று கத்தினான்.

விமானம் நிமிர்ந்தது. சக்கரம் பனைமட்டையை உரசாத குறை.

வெகுநேரம் கம்பிகளில் காற்று அறுக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு குழாயில் செங்கல்வராயன் பேசினார்.

“கை எதைத் தேடுச்சு, பொன்னுரங்கம்?”

“ஸ்டிக்கை.”

“ஏகாம்பரமும் தேடியிருப்பான்.”

தரை இறங்கும்வரை பொன்னுரங்கம் அழுதான். மறைக்கவும் இல்லை, துடைக்கவும் இல்லை.

இறங்கியதும் நேரே மாசிலாமணியிடம் போனான்.

“இதோ பாருப்பா. உன்னைப் பாஸ் பண்ணா சண்டைக்கு அனுப்புவாங்க. போனவங்க யாரும் திரும்பலை. ஃபெயில் பண்ணா துப்பாக்கிக்குப் பின்னாடி உட்கார வைப்பாங்க. அவங்களும் திரும்பலை. இதை உன்கிட்ட மறைக்க எனக்கு இஷ்டமில்லை. உனக்கு எது வேணும்?”

மாசிலாமணியின் சிரிப்பு நின்றுவிட்டது. இப்படி ஒரு கேள்வியை அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் எவனிடமும் கேட்டதில்லை. பொன்னுரங்கத்தையும் விமானத்தையும் மாறி மாறிப் பார்த்தான்.

“வீட்டுக்குப் போறதுக்கு ஏதாவது வழி இருக்கா சார்?”

“இல்லைப்பா.”

பையன் காலால் ஒரு கல்லைப் புரட்டினான்.

“அப்போ நானே ஓட்டறேன் சார்.”

பொன்னுரங்கம் பாஸ் போட்டான்.

அடுத்த வாரம் லாரி வந்தது. தேறின பையன்களெல்லாம் தகரப்பெட்டியோடு ஏறினார்கள். மாசிலாமணி மட்டும் கீழே நின்றான். குனிந்து பொன்னுரங்கத்தின் காலைத் தொட்டான்.

தீர்க்காயுசாய் இரு என்று சொல்ல வேண்டும். காலைத் தொட்டவனுக்கு வேறு என்னத்தைச் சொல்வது? பொன்னுரங்கம் பையனைத் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான்.

“நல்லபடியா போயிட்டு வாப்பா” என்றான்.

மாசிலாமணி செங்கல்வராயனிடம் போனான். அவர் காலையும் தொட்டுவிட்டு, விறைப்பாக நின்று சல்யூட் அடித்தான்.

“போறேன் சார்.”

“போ” என்றார் செங்கல்வராயன்.

பையன் இன்னும் ஏதோ சொல்வார் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகம் சுண்டிப்போனது. லாரி ஹாரன் அடித்தது. ஓடிப்போய் ஏறிக்கொண்டான். வளைவு திரும்பும்வரை அவரையே பார்த்துக்கொண்டு போனான்.

பொன்னுரங்கத்துக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கடன்காரனைக்கூட நம் ஊரில் வாசலில் வைத்து ‘போ’ என்று வழியனுப்ப மாட்டார்கள்.

“மனுஷனா சார் நீங்க? பச்சைப்புள்ள சார் அவன். ‘போயிட்டு வா’ன்னு ஒரு வார்த்தை! சொன்னா வாயில இருக்கற முத்து உதிர்ந்துடுமா?”

செங்கல்வராயன் லாரி கிளப்பிய புழுதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“முன்னாடி போன அத்தனை பேருக்கும் சொல்லித்தான்யா அனுப்பினேன்” என்றார்.