வரத்துப் பாசியின் பசி

பாசியும் பவளமும் மனிதரோடு பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், தெற்குக் கடல் கண்ணாடிபோல் தெளிந்திருந்தது. அந்தத் தண்ணீரில் சத்து மிகக் குறைவு. அங்கிருந்த பாசிகள் கிடைத்ததை ஒரு வாய் தின்றுவிட்டு, மற்ற நேரமெல்லாம் அலையோடு ஆடிக்கொண்டிருந்தன. பவளப்பாறைகள் வெயிலைக் குடித்து மெல்ல மெல்ல வளர்ந்தன.

வெள்ளச்சி என்ற பெண் அங்கே மூழ்கிப் பாசி எடுப்பாள். ஒருநாள் பாறை இடுக்கில் புதிதாக ஒரு பாசியைக் கண்டாள். ஏதோ தூரக் கடலிலிருந்து புயல் அடித்துக்கொண்டு வந்த வரத்துப் பாசி அது. நிறம் வெளுத்து, துவண்டு கிடந்தது.

"பசிக்கிறது அக்கா," என்றது.

வெள்ளச்சி பஞ்சத்தில் பிள்ளையைப் பறிகொடுத்தவள். அந்தச் சொல்லைக் கேட்டபின் அவளால் சும்மா போக முடியவில்லை.

கரையோரத்தில் ஒரு காயல் இருந்தது. காலங்காலமாக இலையும் சாணமும் மட்கி, அதன் தண்ணீர் கஞ்சிபோல் கொழுத்திருந்தது. கடலுக்கும் அதற்கும் நடுவே ஒரு மணல்மேடுதான்.

"காயலைத் திறந்துவிடுகிறேன். உன் வயிறு நிறையும்," என்றாள்.

கேட்டுக்கொண்டிருந்த பவளம் சொன்னது: "வேண்டாம் மகளே. இங்கே எல்லோருக்கும் கொஞ்சம் பசி இருக்கிறது. அதனால்தான் எல்லோருக்கும் இடம் இருக்கிறது."

"இது சாகக் கிடக்கிறதே," என்றாள் வெள்ளச்சி. கரையேறிப் போய் மணலைக் கையாலேயே வெட்டிவிட்டாள்.

கொழுத்த தண்ணீர் புகைபோல் கடலுக்குள் பரவியது. வரத்துப் பாசி சிவந்தது, தடித்தது, கிளைவிட்டது.

"போதுமா?"

"இன்னும் கொஞ்சம் அக்கா."

அது பொய் சொல்லவில்லை. தின்னத் தின்ன அதற்குப் பசித்தது. பாறை பாறையாக அது போர்த்திக்கொண்டே போனது.

"மகளே, வெயில் எங்கே?" என்று கீழிருந்து பவளம் கேட்டது.

பதறிய வெள்ளச்சி பாசியைப் பிய்த்தெறிந்தாள். பிய்ந்த துண்டுகள் மிதந்து போய், ஒட்டிய இடத்திலெல்லாம் வேர்பிடித்தன. ஓடிப்போய் மணலை அள்ளி, தான் வெட்டிய வாய்க்காலை அடைத்தாள். அடுத்த மழை அதை உடைத்துக்கொண்டு வந்தது. அவள் மறுபடி மூழ்கியபோது பவளம் பேசவில்லை. தொட்டுப் பார்த்தாள். சுண்ணாம்பாக உதிர்ந்தது.

மிச்சப் பாறைகளையாவது காப்பாற்ற, சாகும்வரை அவள் மூழ்கிக்கொண்டே இருந்தாள்.

அன்று முதல்தான் கரையின் கொழுத்த தண்ணீர் கலக்கும் இடமெல்லாம் வரத்துப் பாசி தழைக்கிறது. அதைப் பிடுங்கப் போகும் பெண்களும் ஒரு துண்டைக்கூட அலையில் விடாமல் மடியில் கட்டிக்கொண்டு கரையேறுகிறார்கள்.